ஸ்டோருக்கு ரேட் தெரியக்கூடாது: ஈஆர்பிநெக்ஸ்ட்டில் ஒன்றரை வருடம்

திருப்பூரில் எங்களுடையது நடுத்தர யூனிட். நூல் வாங்குவோம். நிட்டிங், டையிங், காம்பாக்டிங் எல்லாம் வெளியே ஜாப் ஒர்க் (கூலிக்குச் செய்து வாங்குவது). கட்டிங் முதல் பேக்கிங் வரை உள்ளே. தையல் மெஷினில் உட்காருகிறவர்களை விட்டுவிட்டால், கம்ப்யூட்டரைத் தொடுகிறவர்கள் 23 பேர். நான் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டரை ஆரம்பம் முதல் அனுப்பும்வரை பின்தொடர்கிற வேலைக்கு, சேர்ந்தவள். ஒருநாள் பிரிண்டர் மக்கர் செய்தபோது ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினேன், ஓடிவிட்டது. அன்றிலிருந்து ஐ.டி. டிபார்ட்மெண்டும் நான்தான்.

ஈஆர்பிநெக்ஸ்ட் என்பது வாங்கல், ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கிற மென்பொருள். அதைப் பற்றி முழுதாக எழுத எனக்குத் தெம்பில்லை. யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம் என்ற பகுதியை மட்டும் எழுதுகிறேன். புது மென்பொருள் போடுகிறவர்கள் எல்லோரும் ஸ்டாக் வருமா, ஜி.எஸ்.டி. வருமா, பில்லில் லோகோ வருமா என்றுதான் கேட்கிறார்கள். லாகின் விஷயத்தைக் கேட்பதே இல்லை. நாங்களும் கேட்கவில்லை. பட்டபிறகுதான் கேட்டோம்.

பட்டது இப்படி. முன்பு வேறொரு மென்பொருள் வைத்திருந்தோம். ஆளுக்கு இவ்வளவு என்று வருடக் கட்டணம். முதலாளி கணக்குப் பார்த்து ஐந்து லாகின் வாங்கினார். 23 பேருக்கு ஐந்து. ஸ்டோர் கம்ப்யூட்டர் மானிட்டரின் ஓரத்தில் பாஸ்வேர்டு எழுதிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கிலோ 96 ரூபாய் என்று பேசிய டையிங் ரேட், பில் வந்தபோது பி.ஓ.விலேயே (பர்ச்சேஸ் ஆர்டர்) 106 ஆகியிருந்தது. 1,850 கிலோ. 18,500 ரூபாய். டார்க் ஷேடு என்று யாரோ போனில் சொல்லி, யாரோ நல்லெண்ணத்தில் மாற்றியிருக்கலாம். யார் மாற்றினார்கள் என்று பார்த்தால் "ஸ்டோர்1" என்று வந்தது. ஸ்டோர்1 என்பது ஆறு பேர். ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பணத்தைவிட, அந்த ஒரு வாரம் ஆபீஸில் இருந்த இறுக்கம்தான் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மென்பொருளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பூட்டு கொடுத்தார்கள், நாங்கள் ஒரே சாவியை ஆறு பேருக்குக் கொடுத்தோம்.

முதலாளி சொன்னது ஒரே வரி: "ஆளாளுக்கு ஒரு சாவி வேணும்மா. எத்தன சாவின்னு காசு கேக்கக் கூடாது."

அந்த இரண்டாவது பாதிதான் எங்களை ஈஆர்பிநெக்ஸ்ட்டுக்குக் கொண்டு வந்தது. மும்பையின் ஃப்ராப்பே நிறுவனம் செய்கிற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். நம் சர்வரில் நாமே போட்டுக்கொண்டால் ஆள் கணக்கில் கட்டணம் கிடையாது. சர்வர் வாடகை, போட்டுக் கொடுக்கிறவர்களுக்குக் கூலி, அவ்வளவுதான். 23 லாகின் போட்டாலும் 40 போட்டாலும் செலவு ஒன்றே. இதை நான் விலைச் சலுகையாகப் பார்க்கவில்லை, பாதுகாப்பு வசதியாகப் பார்க்கிறேன். தலைக்குக் காசு என்றால் நம் ஊரில் லாகினைப் பங்கு போடுவார்கள். பங்கு போட்ட பிறகு அனுமதி, கட்டுப்பாடு என்று பேசுவதெல்லாம் வீண்.

சரி, உள்ளே போவோம். முதல் நாள் பயிற்சியிலேயே ஒரு சிக்கல். சொல்லிக் கொடுக்க வந்த பையன் "ஒவ்வொருத்தருக்கும் ஒரு ரோல் இருக்கும்" என்று ஆரம்பித்தான். ஸ்டோர் அண்ணா உடனே, "எந்த ரோலுங்க? 30ஸ் கோம்ப்டா, கலர் துணியா?" என்றார். திருப்பூரில் ரோல் என்றால் துணி ரோல். அன்று முழுக்க "வேலை ரோல்" என்று சொல்லித்தான் ஓட்டினோம். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

வேலை ரோல் என்பது ஒரு பொறுப்பின் பெயர். ஸ்டாக் யூசர், பர்ச்சேஸ் மேனேஜர், அக்கவுண்ட்ஸ் யூசர் என்று நிறைய தயாராகவே வருகிறது. ஒவ்வொரு ரோலுக்கும் ஒவ்வொரு ஆவணத்திலும் என்ன செய்யலாம் என்று ஒரு பெரிய கட்டம் போட்ட பக்கம் இருக்கிறது: படிக்கலாமா, எழுதலாமா, புதிதாகப் போடலாமா, அழிக்கலாமா, சப்மிட் செய்யலாமா, கேன்சல், அமெண்ட், பிரிண்ட், ஈமெயில், எக்ஸ்போர்ட், ஷேர். எல்லாம் தனித்தனி டிக். முதல்முறை பார்த்தால் தலை சுற்றும். எனக்கும் சுற்றியது. ஆனால் எங்கள் 96 ரூபாய் கதைக்கு மருந்து அந்த டிக்குகளுக்கு நடுவில்தான் இருந்தது.

எழுதுவதும் சப்மிட் செய்வதும் இங்கே வேறு வேறு. பர்ச்சேஸ் தம்பி பி.ஓ. போட்டுச் சேமித்தால் அது வெறும் டிராஃப்ட். சப்மிட், அதாவது அதை இறுதியாக்கும் உரிமை, மேனேஜருக்கு மட்டும். சப்மிட் ஆனபிறகு சும்மா போய்த் திருத்த முடியாது. கேன்சல் செய்து, அமெண்ட் செய்ய வேண்டும், அதாவது திருத்திய நகலைப் போட வேண்டும். அப்படிச் செய்தால் பி.ஓ. எண்ணின் வாலில் "-1" என்று ஒட்டிக்கொள்கிறது. இரண்டாம் முறை மாற்றினால் "-2". டையிங்காரருக்கு அனுப்பிய காகிதத்திலும் அந்த வால் தெரியும். போனில் "அண்ணா, உங்க கிட்ட இருக்கறது வால் இல்லாததுங்களா?" என்று கேட்கிற பழக்கம் எங்கள் ஆபீஸில் வந்துவிட்டது. கீழே உருட்டினால் யார், எப்போது, எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு மாற்றினார்கள் என்று வரிசையாக இருக்கும்.

இதைப் பார்த்து நிம்மதியாக உட்கார்ந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சப்மிட் ஆன பி.ஓ.வில் "அப்டேட் ஐட்டம்ஸ்" என்று ஒரு பட்டன் இருக்கிறது. சரக்கு முழுதாக வந்து சேராதவரை, அதை வைத்து அளவையும் ரேட்டையும் கேன்சல் செய்யாமலே மாற்றலாம். அவசரத்துக்கு நல்ல வசதி. ஆனால் எழுதும் உரிமை உள்ளவருக்கு இந்தப் பட்டன் கிடைத்துவிடுகிறது, அவருக்குச் சப்மிட் உரிமை இல்லாவிட்டாலும். நாங்கள் பி.ஓ.வுக்கு ஒரு வொர்க்ஃப்ளோ (ஆவணம் யார் யார் கை வழியாக எந்தெந்த நிலைக்கு நகர வேண்டும் என்ற வரிசை) போட்டு அடைத்தோம். வொர்க்ஃப்ளோ இருந்தால், அந்த நிலைக்கு ஆவணத்தை நகர்த்தும் அதிகாரம் உள்ள ரோல் மட்டுமே இந்தப் பட்டனைப் பயன்படுத்த முடியும். போட்டுக் கொடுக்கிறவர்களிடம் முதல் வாரத்திலேயே கேட்டு வாங்க வேண்டிய விஷயம் இது.

அடுத்தது தலைப்பில் சொன்ன விஷயம். ஸ்டோருக்கு நூல் ரேட், துணி ரேட் தெரியக்கூடாது என்பது முதலாளியின் கட்டளை. ஸ்டோர் அண்ணா மேல் சந்தேகம் எதுவுமில்லை. அவர் 14 வருடமாக இருக்கிறார். சரக்கு இறக்க வருகிற டெம்போ டிரைவர், மில் ஆள், பக்கத்து யூனிட் ஸ்டோர் ஆள் எல்லோரும் அவர் ஸ்கிரீனுக்கு முன்னால்தான் நின்று டீ குடிக்கிறார்கள். அதுதான் காரணம்.

ஈஆர்பிநெக்ஸ்ட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் 0, 1, 2 என்று ஒரு நிலை எண் கொடுக்கலாம். ரேட் கட்டத்துக்கு 1 என்று கொடுத்து, நிலை 1-ஐப் படிக்கும் உரிமையைப் பர்ச்சேஸுக்கும் அக்கவுண்ட்ஸுக்கும் மட்டும் கொடுத்தால், மற்றவர்களுக்கு அந்தக் கட்டமே வராது. கேட்க எளிது. ரேட்டை மறைத்தேன். அமௌண்ட் அப்படியே இருந்தது. அமௌண்ட்டை அளவால் வகுத்தால் ரேட். எட்டாம் வகுப்புக் கணக்கு. அமௌண்ட்டை மறைத்தேன். கீழே மொத்தத் தொகை இருந்தது. ஒரே ஐட்டம் உள்ள பி.ஓ.வில் மொத்தமும் அதேதான். அதையும் மறைத்தேன். வரி, வரிக்கு முந்தைய தொகை, எழுத்தில் தொகை என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எண்ணிப் பார்த்தால் 20 கட்டங்களுக்கு மேல்.

அதோடு முடியவில்லை. ஸ்டோருக்கென்று ஒரு டெஸ்ட் லாகின் போட்டு, சரக்கு வரவு பதிந்து பார்த்தேன். பி.ஓ.விலிருந்து இழுத்தபோது வந்து விழுந்த ரேட்டை, சேமிக்கும்போது மென்பொருள் ஏற்கவில்லை. யோசித்தால் நியாயம்தான். ஒருவருக்கு எழுத உரிமையில்லாத கட்டத்தில் அவர் பெயரால் ஒரு மதிப்பு எப்படி உள்ளே போகும்? நியாயமாக இருந்தாலும் எனக்கு வேலை நடக்க வேண்டுமே. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டபின், கோயம்புத்தூரிலிருந்து வந்த பையன் ஒரு வழி சொன்னான். ஸ்டோருக்கென்று தனியாக ஒரு வரவுச் சீட்டு: பி.ஓ. எண், ஐட்டம், லாட் எண், ரோல் எண்ணிக்கை (துணி ரோல்!), எடை. அவ்வளவுதான். ரேட் என்ற கட்டமே அதில் கிடையாது. அதைப் பார்த்துப் பர்ச்சேஸ் தம்பி முறையான ரசீதைப் போடுவார். ஒரு கை கூடுதல் வேலைதான். ஆனால் எடையை எழுதுகிறவரும் பணத்தை எழுதுகிறவரும் வேறு வேறு ஆள் என்பது எங்கள் ஆடிட்டருக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

மூன்றாவது ஓட்டை ரிப்போர்ட். ஸ்டாக் யூசர் என்ற தயார் ரோலை அப்படியே ஸ்டோருக்குக் கொடுத்திருந்தேன். அந்த ரோலோடு ஸ்டாக் லெட்ஜர் ரிப்போர்ட்டும் கூடவே வருகிறது, அதில் வேல்யுவேஷன் ரேட் (சரக்கை மதிப்பிடும் விலை) பளிச்சென்று நிற்கிறது. ஆவணத்தில் கட்டத்துக்குப் போட்ட நிலை எண் ரிப்போர்ட்டைக் கட்டுப்படுத்தாது. ரிப்போர்ட்டுக்கு யார் யார் என்பதைத் தனியாக வேறொரு பக்கத்தில் சொல்ல வேண்டும். தயார் ரோலை என்ன ஏது என்று பார்க்காமல் தூக்கிக் கொடுத்தது என் தப்பு. நல்லவேளை டெஸ்ட் லாகினிலேயே கண்ணில் பட்டது. "ஸ்டோர் அளவு" என்று சொந்தமாக ஒரு ரோல் உருவாக்கி, அளவு மட்டும் காட்டும் ஒரு ரிப்போர்ட்டை அதோடு சேர்த்தோம். அதிலிருந்து என் வழக்கம்: எந்த ரோல் மாற்றினாலும், பிரவுசரில் தனி ஜன்னல் திறந்து, அந்த ஆளாகவே உள்ளே போய், மேலே இருக்கும் தேடல் பெட்டியில் "ரேட்" சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் தட்டிப் பார்ப்பேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு கூத்து. ஜாப் ஒர்க்குக்குத் துணி அனுப்பும் டி.சி.யில் (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) சரக்கின் மதிப்பு இருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. விதி. அந்த டி.சி.யைப் பிரிண்ட் எடுத்து டிரைவர் கையில் கொடுப்பது யார்? ஸ்டோர் அண்ணாதான். முதலாளியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சட்டமே காட்டச் சொல்லுதுன்னா நாம என்னம்மா பண்றது" என்றார். நூல் வாங்கிய ரேட் தெரியாது, டி.சி. மதிப்பு தெரியும். அந்த அளவில் சமாதானமானோம்.

இடத்தைப் பொறுத்த கட்டுப்பாட்டுக்கு வேறொரு வசதி, யூசர் பர்மிஷன். எங்களுக்கு இரண்டு பில்டிங். இரண்டாவது பில்டிங் ஸ்டோர் ஆள் அங்குள்ள ஸ்டாக்கை மட்டும் பார்க்க வேண்டும். வேர்ஹவுஸ் (சரக்கு இருக்கும் இடம்) ஒரு மரம் மாதிரி அமைந்திருப்பதால், "யூனிட் 2" என்ற கிளையைக் கொடுத்தால் அதன் கீழே உள்ள கட்டிங், பேக்கிங், ரிஜெக்ட் ரூம் எல்லாம் தானாக வந்துவிடும். புதிதாக ஒரு ரேக் சேர்த்தாலும் தனியாகச் சொல்ல வேண்டாம். இது எனக்கு மிகவும் பிடித்த வசதி.

இதில்தான் என் சனிக்கிழமைக் கதையும் நடந்தது. வேர்ஹவுஸ் கட்டம் காலியாக இருக்கிற ஆவணங்கள் கட்டுப்பாடு உள்ளவர்களுக்கும் தெரிந்துகொண்டிருந்தன. காலி என்றால் யாருக்கும் சொந்தமில்லை, ஆகவே எல்லோருக்கும் தெரியும் என்பது மென்பொருளின் இயல்பான கணக்கு. அதை மாற்ற, சிஸ்டம் செட்டிங்ஸில் "ஸ்ட்ரிக்ட்" என்று ஒரு டிக் இருக்கிறது. போட்டால், காலியாக உள்ளவை கட்டுப்பாடு உள்ளவர்களுக்குத் தெரியாது. சரி என்று ஒரு சனிக்கிழமை காலை 11 மணிக்குப் போட்டேன். அந்த டிக் வேர்ஹவுஸுக்கு மட்டும் இல்லை, எல்லாவற்றுக்கும் என்பது என் மண்டையில் ஏறவில்லை. திருப்பூர்க்காரர்களுக்குச் சனிக்கிழமை என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. சம்பள நாள். மதியம் சம்பளம் போடும் அக்கா மாடியேறி வந்தார்.

"ஏனுங்க மேடம், என்ர லிஸ்டுல 41 பேரக் காணோம். நின்னுட்டாங்களா?"

அக்காவுக்கு பிராஞ்ச் வாரியாகக் கட்டுப்பாடு போட்டிருந்தேன். அந்த 41 பேருக்கு பிராஞ்ச் கட்டத்தை நாங்கள் நிரப்பியதே இல்லை. பெரும்பாலும் சமீபத்தில் சேர்ந்த ஒடிசாப் பையன்கள். டிக்கை எடுத்தேன், 41 பேரும் திரும்பி வந்தார்கள். கூலி அரை மணி நேரம் தாமதம், அவ்வளவுதான். ஆனால் அந்த அரை மணி நேரமும் கவுண்டர் முன்னால் நின்றவர்களின் முகத்தைப் பார்த்தவள் நான். அடுத்த இரண்டு வாரம் உட்கார்ந்து எல்லோருக்கும் பிராஞ்ச் நிரப்பி, பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மறுபடி அந்த டிக்கைப் போட்டேன். இப்போது ஒழுங்காக ஓடுகிறது. சனிக்கிழமைகளில் நான் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறப்பதே இல்லை.

இனி டெம்ப்ளேட். ஈஆர்பிநெக்ஸ்ட்டில் இதற்குப் பெயர் ரோல் ப்ரொஃபைல். பல வேலை ரோல்களை ஒரு கட்டாகக் கட்டி ஒரு பெயர் வைத்துவிட்டால், புது ஆள் வரும்போது அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். 23 பேருக்கு எங்களிடம் ஒன்பது ப்ரொஃபைல்: முதலாளி, மெர்ச்சண்டைசிங், பர்ச்சேஸ், ஸ்டோர், கட்டிங், புரொடக்‌ஷன், சம்பளம், அக்கவுண்ட்ஸ், ஆடிட்டர். இந்த ஒன்பதை முடிவு செய்யத்தான் மூன்று வாரம் ஆனது. கம்ப்யூட்டரில் போட ஒரு மதியம். மூன்று வாரமும் ஏ3 பேப்பரில் கட்டம் போட்டு, ஒவ்வொருவரிடமும் போய் "நீங்க தினம் எதைத் திறக்கறீங்க?" என்று கேட்டேன். கட்டிங் மாஸ்டர் தினம் காஸ்டிங் ஷீட்டைத் திறக்கிறார் என்று தெரிந்து திடுக்கிட்டேன். எதற்கு மாஸ்டர் என்றால், "மார்க்கர் லென்த் அதுலதான் போட்டு வெச்சிருக்கீங்க, வேற எங்க பாக்கறது?" என்றார். வெட்டத் துணி விரிக்கும் நீளம் என்ற ஒரு அளவுக்காக மொத்த லாபக் கணக்கையும் அவருக்குத் திறந்து வைத்திருந்தோம். மார்க்கர் லென்த்தை கட்டிங் ஆர்டருக்கு நகர்த்தினோம், காஸ்டிங்கை மூடினோம். மாஸ்டருக்கும் சந்தோஷம், இப்போது அவருக்கு ஒரே ஸ்கிரீன்.

ப்ரொஃபைலில் ஒரு ரோலைச் சேர்த்தாலோ எடுத்தாலோ, அதை வைத்திருக்கிற எல்லோருக்கும் மாறிவிடும். ஆறு மெர்ச்சண்டைசர்களிடமிருந்து எக்ஸ்போர்ட் உரிமையை எடுக்க எனக்கு ஒரு நிமிடம் ஆனது. (எக்ஸ்போர்ட் இல்லாவிட்டாலும் போனில் படம் எடுக்கலாம் என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. எடுக்கலாம். 400 வரிகளைப் படம் எடுக்க யாருக்குப் பொறுமை?) ஷேர் டிக்கையும் கூடவே எடுத்துவிடுங்கள். ஒரு ஆவணத்தை ஒருவர் இன்னொருவருக்கு ஷேர் செய்தால், நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட யூசர் பர்மிஷனைத் தாண்டி அது அவருக்குத் தெரியும்.

ஆனால் ப்ரொஃபைல் போட்ட ஆளுக்குக் கையால் ஒரு ரோலை மட்டும் கூடுதலாகக் கொடுக்க முடியாது. அவர் பெயரில் நேரடியாக டிக் போட்டாலும் ப்ரொஃபைலில் உள்ளதுதான் நிற்கும். முதலில் எரிச்சலாக இருந்தது. பர்ச்சேஸ் தம்பி கல்யாணத்துக்கு பத்து நாள் லீவு போட்டபோது, ஒரு மெர்ச்சண்டைசரிடம் அந்த வேலையைக் கொடுக்க வேண்டியிருந்தது. "மெர்ச்சண்டைசிங் + பர்ச்சேஸ் தற்காலிகம்" என்று பத்தாவது ப்ரொஃபைல் ஒன்று உருவாக்கித்தான் சமாளித்தேன். இதில் பெரிய குறை, இந்தத் தேதியோடு முடியட்டும் என்று ரோலுக்குக் காலக்கெடு வைக்க வசதியில்லை. என் போனில் அலாரம் வைத்தேன். அலாரம் அடித்தபோது நான் பஸ்ஸில் இருந்தேன், மறுநாள்தான் எடுத்தேன். சின்ன ஆபீஸில் பரவாயில்லை. நூறு பேர் உள்ள இடத்தில் இப்படித் தற்காலிகமாகக் கொடுத்தவை எல்லாம் நிரந்தரமாகிவிடும்.

அதைவிடப் பெரிய குறை இன்னொன்று. ப்ரொஃபைல் ரோல்களை மட்டும்தான் சுமக்கிறது. வேர்ஹவுஸ், பிராஞ்ச் என்று போடும் யூசர் பர்மிஷன் அதில் வராது. புது ஸ்டோர் ஆள் வந்தால் ஸ்டோர் ப்ரொஃபைல் கொடுத்துவிட்டு, யூனிட் 2 கட்டுப்பாட்டைத் தனியாகப் போட வேண்டும். மறந்தால் அவருக்கு இரண்டு பில்டிங்கும் தெரியும். அதாவது, மறதி இங்கே கதவைத் திறந்து வைக்கிறது. ஒருவருக்கு என்னென்ன போட வேண்டும் என்று எக்ஸெல்லில் வைத்திருக்கிறேன், அதை அப்படியே இம்போர்ட் செய்வேன். டெம்ப்ளேட் என்று சொல்லிவிட்டு பாதியை எக்ஸெல்லில் வைத்திருப்பது எனக்கு உறுத்துகிறது.

மாட்யூல் ப்ரொஃபைல் என்று ஒன்றும் உண்டு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். தேவையில்லாத மெனுவை ஸ்கிரீனிலிருந்து எடுத்துவிடும், அவ்வளவே. உரிமை இருந்தால் தேடல் பெட்டி வழியாக உள்ளே போய்விடலாம். வாசலுக்குத் திரை போட்ட மாதிரி, பூட்டு வேறு. ஆனாலும் போடுங்கள். பேக்கிங் செக்‌ஷன் பெண்ணுக்கு மூன்றே மூன்று பட்டன் தெரிவது பெரிய நிம்மதி. கட்டிங் மாஸ்டருக்குத் தமிழில் மாற்றிக் கொடுத்தேன். இரண்டு நாளில் "பழையபடி இங்கிலீஷே வெச்சிருங்க மேடம்" என்றார். புளோரில் புழங்குகிற வார்த்தை எதுவும் அதில் இல்லையாம்.

அக்கவுண்ட்ஸ் தம்பி டேலி என்ற கணக்கு மென்பொருளிலேயே வளர்ந்தவர். அங்கே ஒரு ரோலுக்கு எத்தனை நாள் வரை பின்தேதியிட்டு வவுச்சர் போடலாம் என்று நாள் கணக்கில் வைக்கலாம். இங்கே அப்படி இல்லை. ஒரு தேதி வரை கணக்கை உறைய வைத்து, ஒரு ரோலுக்கு மட்டும் விலக்கு கொடுக்கலாம். மாதா மாதம் அந்தத் தேதியை நகர்த்துவது அவர் வேலை. முணுமுணுத்துக்கொண்டே செய்கிறார். எங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்பதால், 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்தின் தடமும் பதிவாக வேண்டும், அதை அணைக்கவும் முடியக் கூடாது. இந்தியாவுக்கான ஜி.எஸ்.டி. இணைப்பைப் போட்டால் அதற்கென்று ஒரு டிக் வருகிறது. ஒருமுறை போட்டால் நாமே நினைத்தாலும் எடுக்க முடியாது. போடும் முன் முதலாளியைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் கையாலேயே மவுஸை அழுத்த வைத்தேன்.

இரவு லாகின் வேண்டாம் என்றால் ஆளுக்கு ஆள் நேரம் வைக்கலாம். முழு மணி மட்டும்தான். ஒன்றரை ஷிப்ட் எட்டரைக்கு முடிகிற ஊரில் நான் ஒன்பது என்று வைத்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு மெர்ச்சண்டைசர் வேறு யூனிட்டுக்குப் போனார். நல்லபடியாகத்தான் போனார், ஸ்வீட் எல்லாம் கொடுத்தார். அவர் கை குலுக்கிவிட்டுப் படியிறங்கும்போதே அவர் லாகினில் "எனேபிள்ட்" டிக்கை எடுத்தேன். அழிக்கக் கூடாது, டிக்கை மட்டும் எடுக்க வேண்டும். அப்போதுதான் அவர் போட்ட ஆர்டர்களில் அவர் பெயர் அப்படியே இருக்கும். திங்கட்கிழமை அவர் இடத்துக்கு வந்த பெண்ணுக்கு லாகின் போட நாலு நிமிடம். பழைய முறையில் ஸ்டிக்கரைக் கிழித்து, புதுப் பாஸ்வேர்டு வைத்து, ஆறு பேருக்கும் போன் போட்டுச் சொல்ல வேண்டும்.

இருபது பேருக்கு மேல் இருந்து, உள்ளே ஒருவராவது உட்கார்ந்து கட்டம் போடத் தயாராக இருந்தால் இதைத் தாராளமாகப் போடலாம். அப்படி ஆள் இல்லையென்றால் வேண்டாம். தயார் ரோல்களை அப்படியே கொடுத்துவிட்டு, பூட்டியதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அனுமதி விஷயத்துக்கு மட்டும் ஐந்துக்கு மூன்றே முக்கால் கொடுப்பேன். கால் மார்க் பிடித்தது காலக்கெடு இல்லாததற்கு. ஒரு மார்க், ப்ரொஃபைலுக்குள் யூசர் பர்மிஷன் வராததற்கு.

முதலாளியின் மகன் எம்.பி.ஏ. முடித்துவிட்டு அடுத்த வாரம் ஆபீஸுக்கு வருகிறார். "தம்பிக்கு எல்லாமே தெரியற மாதிரி போட்டுரும்மா" என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். எல்லாமே தெரியட்டும், எழுதுகிற டிக் எதுவும் இல்லாமல் ஒரு ப்ரொஃபைல் போட்டு வைத்திருக்கிறேன். பெயர்தான் என்ன வைப்பதென்று தெரியவில்லை. "டிரெய்னி" என்று வைத்தால் கோபித்துக்கொள்வாரோ என்னவோ.